வெறுங்காலும் தோற்பந்தும்: 1911ஆம் ஆண்டின் ஒரு கால்பந்துப் பருவம்

இருப்புப்பாதையில் ஒரு துறவி

திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறி நிற்பவர் கண்ணுக்குச் சமவெளியை ஊடறுத்துச் செல்லும் இருப்புப்பாதை தப்பாது. மதுரையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் அப்பாதை 1875ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1897 பிப்ரவரி முதல் வாரத்தில் அவ்வழியே ஒரு துறவி பயணம் செய்தார். மேலைநாடுகளில் சமயப் பணியாற்றிவிட்டுக் கொழும்பில் கரையேறிய விவேகானந்தர், பாம்பன், இராமநாதபுரம், மதுரை ஆகிய ஊர்களில் வரவேற்புப் பெற்றபின் கும்பகோணத்துக்கு இரயில் ஏறினார். அந்நாளில் மதுரையிலிருந்து வடக்கே செல்ல வேறு இரயில் வழி கிடையாது. ஆகவே நம் ஊர் நிலையத்தைக் கடந்துதான் அவர் சென்றார்.

சில நாள்களில் சென்னை சேர்ந்த அவர், கடற்கரையை அடுத்த ஐஸ் ஹவுஸ் மாளிகையில் ஒன்பது நாள் தங்கினார். அப்போது சென்னையில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், கேட்டோரைத் திடுக்கிட வைத்த ஒரு கருத்தைச் சொன்னார். நம் இளைஞர்கள் முதலில் உடல்வலிமை பெற வேண்டும். சமயம் பின்னால் வரட்டும். கீதையைக் கற்பதைவிடக் கால்பந்து ஆடுவதால் அவர்கள் விண்ணுலகை இன்னும் நெருங்கலாம் என்பதே அக்கருத்தின் சாரம். தசையில் வலுவேறினால் கீதையே இன்னும் நன்றாக விளங்கும் என்றும் அவர் விளக்கினார். ஒரு துறவி, சென்னை மண்ணில், தமிழ் இளைஞர் முன்னிலையில் கால்பந்தின் பெயரைச் சொன்னது கருதத்தக்கது.

விவேகானந்தர் கல்கத்தாவில் படித்தது ஜெனரல் அசெம்பிளிஸ் இன்ஸ்டிட்யூஷன் என்னும் கிறித்தவக் கல்லூரியில். 1908இல் அது டஃப் கல்லூரியோடு இணைந்து ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரி என்றாயிற்று. சென்னைச் சொற்பொழிவுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1911 ஜூலை 29 அன்று, அதே கல்லூரியில் பயின்ற அபிலாஷ் கோஷ் என்ற இளைஞர் ஆங்கிலப் படையணி ஒன்றுக்கு எதிராக வெறுங்காலால் ஒரு கோல் அடித்தார். அந்தக் கோலால் மோகன் பகான் அணி இந்தியாவின் தலைசிறந்த கால்பந்துக் கேடயத்தை வென்றது. இந்திய அணி எதுவும் அதற்குமுன் அக்கேடயத்தைத் தொட்டதில்லை.

அந்த ஒரு பருவத்தின் வரலாற்றைச் சொல்வதும், அதில் உண்மையாக வெல்லப்பட்டது எது, பின்னாளில் ஏற்றிச் சொல்லப்பட்டது எது என்று பிரித்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். சொல்லை ஆளும் கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு இப்பொருள் அயலானதன்று என நம்புகிறேன்.

பந்து, தோல், தீட்டு

தமிழ் இலக்கியத்துக்குப் பந்து புதிதன்று. பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்று ஒரு பகுதியே உண்டு. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் காட்சியைத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியிருக்கிறார். ஆயினும் நம் புலவர் பாடிய பந்து பெரும்பாலும் மகளிர் கையில் எழுந்து விழுந்த பந்து. காலால் உதைத்து, இருபத்திருவர் இரு கட்சியாய் மோதி, எதிர்க்கட்சியின் எல்லைக்குள் செலுத்தும் பந்து, ஆங்கிலப் படைகளோடும் பாதிரிமார் கல்விக்கூடங்களோடும் இந்நாட்டுக்குள் வந்தது.

வந்த பந்து தோலால் ஆனது. அதுவே முதல் தடை. 1891இல் டிண்டேல் பிஸ்கோ என்னும் பாதிரியார் காசுமீரத்துச் சிறீநகரில் தம் பள்ளிக்கு ஒரு கால்பந்தைக் கொண்டுவந்தார். மாணவரில் பெரும்பாலோர் பிராமணச் சிறுவர். பந்து தோலால் ஆனது என்று அறிந்ததும் அதைத் தொட மறுத்தனர். ஆசிரியர்களை மைதானத்தைச் சுற்றிக் காவல் நிறுத்தியே ஆட்டத்தைத் தொடங்கவேண்டியிருந்தது. இடையில் பந்து ஒரு சிறுவனின் முகத்தில் பட்டுவிட, அவன் தீட்டுப்பட்டுவிட்டதாக அழுதான். வாய்க்காலுக்கு அழைத்துச் சென்று முகம் கழுவச் செய்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பாதிரியாரே பெருமையுடன் எழுதியிருக்கிறார். அப்பெருமையில் ஆளும் இனத்தின் செருக்கும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சிறுவன் அழுததற்கான காரணம் நம்முடையது. அதையும் மறுப்பதற்கில்லை.

தோல் பதனிடும் ஊரில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சி வேறொரு கோணத்தில் தைக்கிறது. தோலைத் தொடுவோர் யார், தொடாதோர் யார் என்ற கோடு நம் தெருக்களிலும் கிழிக்கப்பட்டிருந்தது. கால்பந்து அக்கோட்டின்மேல் உருண்டு வந்த ஒரு பொருள். அதை உதைத்து ஆடத் துணிந்தவன், அறிந்தோ அறியாமலோ, அக்கோட்டையும் சிறிது அழித்தான்.

கல்லூரியில் பிறந்த ஆட்டம்

வங்கத்தில் இந்தியர் கால்பந்து ஆடத் தொடங்கிய கதை ஒரு பள்ளிச் சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. 1877இல், எட்டு வயதே ஆன நாகேந்திரபிரசாத் சர்வாதிகாரி, ஆங்கிலேயர் ஆடிக்கொண்டிருந்த மைதானத்தின் ஓரம் உருண்டுவந்த பந்தைத் திருப்பி உதைத்தான் என்பர். பின்னர் ஹேர் பள்ளித் தோழர்களோடு காசு சேர்த்து ஒரு பந்து வாங்கினான். வாங்கிய பந்து கால்பந்து அன்று. முட்டை வடிவான ரக்பிப் பந்து. வேறுபாடு அறியாமலே சிறுவர்கள் அதை உதைத்துக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக், சரியான பந்தைத் தந்து ஆட்டவிதிகளையும் கற்பித்தார். இந்தியக் கால்பந்தின் முதல் வகுப்பு அவ்வாறு ஒரு கல்லூரியின் நிழலில் நடந்தது.

நாகேந்திரபிரசாத் வளர்ந்தபின் பல குழுக்களை அமைத்தார். அவற்றுள் ஒன்றில் மணி தாஸ் என்னும் இளைஞரைச் சேர்க்க முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மணி தாஸ் ஒரு குயவரின் மகன். மேற்குலத்து உறுப்பினர்கள் அவரோடு ஆட மறுத்தனர். நாகேந்திரபிரசாத் அவர்களுக்கு இணங்கவில்லை. அக்குழுவையே கலைத்துவிட்டுச் சோபாபசார் மன்றம் என்ற புதிய குழுவை அமைத்து, மணி தாஸை அதில் சேர்த்தார். 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படையணியைத் தோற்கடித்து, ஆங்கிலப் படையை இந்தியரும் ஆட்டத்தில் வெல்லலாம் என்று காட்டியது அதே சோபாபசார் மன்றம்தான். குயவர் மகனை விலக்கிய குழு மறைந்தது. அவரைச் சேர்த்துக்கொண்ட குழு வரலாற்றில் நின்றது.

மோகன் பகான் மன்றம் 1889 ஆகஸ்டு 15 அன்று வடகல்கத்தாவில் தோன்றியது. அதன் முதல் தலைவர் பூபேந்திரநாத் பாசு. பின்னாளில், 1914இல், சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. மன்றத்தின் முதல் ஆண்டுவிழாவில் தலைமை வகித்தவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ. வேட்டையாடுதல், தூண்டிலிடுதல் போன்றவை இல்லாத மன்றத்துக்கு ‘ஸ்போர்ட்டிங்’ என்ற பெயர் பொருந்தாது என்று அவர் திருத்தம் சொல்ல, அது ‘மோகன் பகான் அத்லெட்டிக் கிளப்’ ஆயிற்று. பெயர் முதல் பயிற்சி வரை கல்லூரியின் கை இவ்வியக்கத்தில் இருந்தது. இளைஞரின் ஒழுக்கத்தைப் பேணுவதும் மன்றத்தின் குறிக்கோளாகக் கூறப்பட்டது.

இங்கே ஒரு முரண் உண்டு. ஆங்கிலக் கல்விமுறை கால்பந்தைக் கொண்டுவந்தது, கீழ்ப்படிதலும் கட்டுப்பாடும் உடைய குடிமக்களை உருவாக்குவதற்காக. விதிக்கு அடங்கு, தலைவனுக்குக் கட்டுப்படு, தோல்வியைப் பொறுத்துக்கொள் என்பவை அக்கல்வியின் பாடங்கள். மாணவர்கள் இவை மூன்றையும் கற்றனர். கற்பித்தவர் எண்ணாத நான்காவது பாடம் ஒன்றையும் கற்றனர்: விதி எல்லோர்க்கும் ஒன்றாயின், வெற்றியும் எல்லோர்க்கும் உரியதே.

வீரமற்றவர் என்ற வசை

அப்பாடம் வங்க இளைஞர் உள்ளத்தில் ஏன் அவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை அறிய, அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த ஒரு வசையை அறிய வேண்டும். 1841இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றி எழுதிய கட்டுரையில் மெக்காலே, வங்கத்தாரை உடல்வலியற்றவர், மென்மையானவர், அடிமைப்பட்டே பழகியவர் என்று வருணித்தார். அவ்வருணனை பாடநூல்களிலும் அலுவலகங்களிலும் பேச்சிலும் பரவி, அரை நூற்றாண்டில் ஓர் உண்மைபோலவே நிலைபெற்றுவிட்டது.

இவ்வசை வங்கத்தோடு நிற்கவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டு வீரர் போர்க்குணம் குன்றியவர் என்ற முடிவுக்கு வந்தார். பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தலைமையேற்றபோது, தென்னாட்டுப் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன. வடமேற்கு மாநிலத்தாரே ‘போர்க்குலத்தவர்’ என்று எண்ணப்பட்டனர். விருப்பாட்சி கோபால் நாயக்கரைப் போன்றோர் இத்திண்டுக்கல் சீமையில் கும்பினியாரை எதிர்த்து நின்றதும், 1801இல் அவர் தூக்கிலிடப்பட்டதும் அம்முடிவை எழுதியவர்களுக்கு நினைவில் இல்லை போலும். வங்கத்தானுக்கு மெக்காலே, தமிழனுக்கு ராபர்ட்ஸ் என்று இரு பேனாக்கள் ஒரே தீர்ப்பை எழுதின. விவேகானந்தர் சென்னையில் தசைவலிமையைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னதன் பின்னணி இதுவே.

அந்த ஆண்டு, அந்தப் பருவம்

1905இல் கர்சன் வங்கத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் எழுந்தது. 1908இல் குதிராம் போஸ் தூக்கிலேறினார். அதே ஆண்டு வ.உ.சிதம்பரனார் சிறைப்பட்டார், பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். 1911 ஜூன் 17, சனிக்கிழமை. மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சித்தலைவர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டார். அதற்குச் சரியாக ஆறு வாரங்கள் கழித்து வந்த சனிக்கிழமையன்றுதான் கல்கத்தா மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடுவது முறையாகாது. ஒன்று உயிரோடு விளையாடியது, மற்றொன்று வெறும் விளையாட்டு. ஆயினும் இரண்டும் ஒரே காற்றை உயிர்த்த காலம் அது என்பதை மறக்கலாகாது. தெற்கே ஓர் இளைஞன் துப்பாக்கியால் சொல்ல முயன்றதன் ஒரு சிறு பகுதியைக் கிழக்கே பதினொரு இளைஞர் பந்தால் சொன்னார்கள்.

ஐ.எஃப்.ஏ. கேடயம் 1893இல் தொடங்கியது. ஆண்டுதோறும் அதை வென்றவை ஆங்கிலப் படையணிகளும் ஐரோப்பியர் மன்றங்களுமே. 1911இல் மோகன் பகான் அணியின் பருவம் ஜூலை 10 அன்று தொடங்கிற்று. முதல் எதிரி ஒரு கல்லூரி அணி: கல்கத்தாவின் தூய சவேரியார் கல்லூரி. அதை 3-0 என்று வென்றனர். நான்கு நாள் கழித்து ரேஞ்சர்ஸ் மன்றத்தை 2-1 என்று வென்றனர். ஜூலை 19 அன்று முதன்முதலாகப் படையணி ஒன்று எதிரே நின்றது. அது ரைஃபிள் பிரிகேட். 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணி. ஜூலை 24இல் 1-1 என்று சமநிலை. மறு ஆட்டம் ஜூலை 26இல் நடந்தது. மோகன் பகான் 3-0 என்று வென்றது.

அணியின் அமைப்பு அக்கால வழக்கப்படி ஐந்து முன்களத்தார், மூன்று நடுக்களத்தார், இரண்டு பின்களத்தார், ஓர் இலக்குக் காவலர் என்பது. இலக்கைக் காத்தவர் ஹீராலால் முகர்ஜி. பின்களத்தில் பூதி சுகுல், சுதீர் சட்டர்ஜி. நடுக்களத்தில் மன்மோகன் முகர்ஜி, இராஜேன் சென்குப்தா, நீலமாதவ் பட்டாச்சார்யா. முன்களத்தில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, சிவதாஸ் பாதுரி. பாதுரிகள் இருவரும் உடன்பிறந்தோர். இளையவரான சிவதாஸ் அணித்தலைவர். இடப்புற ஓரத்தில் ஆடியவர்.

பதினொருவரில் பதின்மர் வெறுங்காலர். காலணி அணிந்து ஆடியவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. அவர் கிறித்தவர், கல்லூரி ஆசிரியர். காலணியின் விலை நடுத்தரக் குடும்பத்து இளைஞருக்கு எளிதன்று. சிறுவயது முதல் வெறுங்காலில் பழகிய கால் அதை விரும்பவும் இல்லை. உலர்ந்த தரையில் வெறுங்கால் பந்தைக் கையைப்போல் ஏவல்கொள்ளும். மழை பெய்து சேறானால் நிலை மாறும்: வெறுங்கால் வழுக்கும், எதிரியின் ஆணியடித்த காலணி ஊன்றி நிற்கும். கல்கத்தாவின் கால்பந்துப் பருவமோ மழைக்காலம். வெறுங்காலால் ஆடுதல் என்பது ஒவ்வொரு மாலையும் வானத்தோடும் ஓர் ஆட்டம் ஆடுவதாக இருந்தது. காலணியின் ஆணிமுனைக்கு முன் தோல் மட்டுமே கவசமாக ஓடிய கால்களின் துணிவைச் சொல்லத் தனிச்சொல் வேண்டா.

இறுதி ஆட்டம்

ஜூலை 29 அன்று கல்கத்தா கால்பந்து மன்றத்தின் மைதானத்தை நோக்கி வங்கமே நடந்தது எனலாம். கிழக்கிந்திய இரயில்வே சிறப்பு வண்டி விட்டது. ஆற்றில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. இரண்டு ரூபாய்ச் சீட்டு பதினைந்து ரூபாய் வரை கைமாறிற்று. கூட்டம் எண்பதாயிரம் முதல் ஓர் இலட்சம் வரை இருக்கும் என்று அக்கால இதழ்கள் மதிப்பிட்டன. மைதானத்தை நேரில் காணக் கூடியவர் அவர்களில் ஒரு பகுதியினரே. பிறர்க்கு ஆட்டத்தின் நிலையை அறிவிக்கக் காற்றாடிகள் பறக்கவிடப்பட்டன. யார் எத்தனை கோல் என்பது வானத்தில் எழுதிக் காட்டப்பட்டது. மேலே பார்த்தபடியே ஆயிரமாயிரம் பேர் ஓர் ஆட்டத்தைக் ‘கேட்டனர்’.

எதிரே கிழக்கு யார்க்சயர் படையணி. முதல் பாதியில் கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் ஜாக்சன் என்னும் படைவீரர் தனியுதையில் கோல் அடித்து முந்தினார். காற்றாடி அச்செய்தியைக் காட்டியபோது பரந்த வெளி முழுவதும் எத்தகைய அமைதி சூழ்ந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப்பார்க்கலாம். நேரம் கழிந்துகொண்டே வந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சிவதாஸ் பாதுரி இடப்புறமிருந்து புகுந்து சமநிலை செய்தார். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தபோது சிவதாஸ் பந்தை அபிலாஷிடம் தள்ளினார். அபிலாஷ் அதை வலைக்குள் செலுத்தினார். 2-1. நடுவர் புல்லர் ஊதல் ஒலித்தார்.

இருபது நாளில் ஆறு ஆட்டம். அடித்த கோல் பன்னிரண்டு, வாங்கியது மூன்று. எண்ணிக்கையில் அடங்கும் வரலாறு இவ்வளவுதான்.

வெல்லப்பட்டது எது?

எண்ணிக்கைக்கு அடங்காத வரலாறு அதன்பின் தொடங்கியது. அன்று மாலை ஆட்டக்காரர் திரும்புகையில், ஒரு முதியவர் வில்லியம் கோட்டையின்மேல் பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டிக்காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மோகன் பகான் அடுத்தமுறை கேடயம் வெல்லும்போது என்று விடை வந்ததாம். அம்மன்றம் மறுமுறை கேடயம் வென்றது 1947இல். இத்தற்செயல் பொருத்தமே இக்கதைக்கு உயிர் கொடுத்தது. முன்பே சொன்ன வாக்கு பலித்தது என்பதைவிட, பலித்தபின் வாக்கு பிறந்தது என்று கொள்வதே வரலாற்று நோக்கில் பொருந்தும்.

இன்னொரு கூற்றும் உண்டு. 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டது. இதைக் கால்பந்து வெற்றியோடு முடிச்சுப் போடுவோர் உளர். பிரிவினை நீக்கத்துக்கு ஆறாண்டுக் கிளர்ச்சியும் அரசின் கணக்குகளும் காரணம். ஒரு கேடயம் காரணமன்று. அன்று கூடிய மக்கள் கலகம் செய்யவும் இல்லை. ஆரவாரித்தனர், ஆடினர், அழுதனர், வீடு திரும்பினர். ஆங்கில இதழ்களும் வென்றவரைப் பாராட்டி எழுதின. மன்றத்தின் புரவலர்கள் பெருநிலக்கிழார்களும் மிதவாதிகளுமே, புரட்சியாளர் அல்லர்.

வெற்றியின் மறுநாளே எல்லாக் கதவும் திறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கல்கத்தாக் கால்பந்து லீக்கில் இந்திய அணிகளுக்கு 1914 வரை இடமில்லை. கேடயம் வென்ற மோகன் பகானே அந்த ஆண்டு இரண்டாம் பிரிவில்தான் சேர்க்கப்பட்டது. முதற்பிரிவுக்கு 1915இல் ஏறிற்று. அப்போதும் முதற்பிரிவில் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் கூடாது என்ற வரம்பு நெடுநாள் இருந்தது. கேடயத்தை அடுத்து வென்ற இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங். அதற்கு 1936 வரை, இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வணிதான் 1934இல் லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய அணியும் ஆகும். 1938 வரை ஐந்தாண்டு தொடர்ந்து அப்பட்டம் அதன் கையிலேயே இருந்தது.

அங்ஙனமாயின் 1911இல் வெல்லப்பட்டது எது? கொடி இறங்கவில்லை, சட்டம் மாறவில்லை, லீக்கின் கதவும் உடனே திறக்கவில்லை. மாறியது ஒரு சொல். ‘வங்கத்தான் உடல்வலியற்றவன்’ என்ற எழுபதாண்டுப் பழைய வாக்கியத்தை இனி யாரும் ஐயமின்றி எழுத முடியாமற் போயிற்று. வசை என்பது சொல்லால் ஆனது. அதை அழிக்கவும் ஒரு சொல்லுக்கு நிகரான செயல் வேண்டும். எல்லோரும் காண, எதிரியின் விதிப்படி, எதிரியின் நடுவர் முன்னிலையில் நிகழும் செயல். அதைத்தான் அப்பதினொருவர் செய்தனர். வங்கக் கவிஞர்கள் இதை உடனே உணர்ந்தனர். ‘மானசி’ என்னும் இதழ் அவ்வெற்றியைப் பாடும் கவிதையை அவ்வாண்டே வெளியிட்டது. ஆட்டக்காரர் பெயர் இன்றும் மறக்கப்படாமைக்குக் கேடயத்தைவிட அவ்வெழுத்துகளே பெருங்காரணம். இன்று ஜூலை 29 ‘மோகன் பகான் நாள்’ எனக் கொண்டாடப்படுகிறது.

தமிழ் மண்ணில்

விவேகானந்தரின் சென்னைச் சொல் இங்கே விளைந்ததா என்று கேட்கத் தோன்றும். விளைந்தது, மெல்ல. 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டுக் கற்பிப்பதையே ஒரு படிப்பாக்கிய அக்கல்லூரியில் பயின்றோர் தமிழகத்துப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்பயிற்சி ஆசிரியராகச் சென்றனர். ஊர்தோறும் நாம் ‘டிரில் மாஸ்டர்’ என்று அழைத்த மனிதரின் மரபு அங்கிருந்து கிளைத்தது. பக் 1924இல் பாரிசு ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றார், 1943இல் மறைந்தார். அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1937இல் உருவானது. போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்துமுன் எழுந்த கடைசிப் பெரும் கட்டுமானம் அது.

போருக்குப் பின், 1948 ஜூலை 31 அன்று, இலண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியா முதன்முதலாகக் கால்பந்து ஆடிற்று. எதிரி பிரான்சு. அணித்தலைவர் நாகர் இனத்தவரான தாலிமெரன் ஆவோ, கல்கத்தாவில் மருத்துவம் படித்தவர். இந்திய ஆட்டக்காரரில் பெரும்பாலோர் அன்றும் வெறுங்காலர். இந்தியா இரண்டு தண்ட உதைகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி இராமன். ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த முதல் கோல் அது. கல்கத்தாவின் வெறுங்கால் மரபில் தென்னாட்டுப் பெயர் ஒன்று அவ்வாறு சேர்ந்தது.

இங்கும் ஒரு கட்டுக்கதை வளர்ந்தது. வெறுங்காலால் ஆட அனுமதி மறுக்கப்பட்டதால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா செல்லவில்லை என்று பலரும் இன்றும் சொல்வர். உண்மையில் அன்றைய பொறுப்பாளர் உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கையே பெரிதாக மதித்தனர். நெடுந்தொலைவுக் கடற்பயணத்துக்கும் ஆயத்தத்துக்கும் மனமில்லை. வெறுங்கால் என்ற சொல்லில் ஓர் இரக்கமும் ஓர் அழகும் உண்டு. அதனால் அச்சொல்லின்மேல் பொறுப்பாளரின் அசிரத்தையை ஏற்றிவைப்பது எளிதாயிற்று. கதை அழகாக இருப்பதே அதை ஐயுறுவதற்கு முதற்காரணம் என்பது வரலாறு எழுதுவோர்க்கு ஒரு நல்ல விதி. கவிஞர்க்கும் அது தீங்கு செய்யாது.

நம் கடமை

நம் சமவெளியில் மாலைதோறும் பந்து உருள்கிறது. பள்ளி மைதானத்திலும், அறுவடையான வயலிலும், கண்மாய்க் கரைமேட்டிலும், தோற்சாலை வேலை முடிந்து வந்த இளைஞரும் பூட்டுப் பட்டறையில் வேலை செய்யும் இளைஞரும் பள்ளிச் சிறுவரோடு ஒன்றாக ஆடுகின்றனர். குயவர் மகனோடு ஆட மறுத்த வங்கக் குழுவின் கதை இங்கே தேவைப்படாத அளவுக்கு நாம் முன்னேறியிருக்கிறோமா என்பதை அந்த மைதானங்களே சொல்லும். யார் யாருக்குப் பந்தைக் கடத்துகிறார்கள் என்பதை ஒரு மாலை நின்று கவனித்தால் போதும்.

நம் வட்டத்தார் இப்பத்தாண்டுகளில் எத்தனையோ பொருள்களைப் பாடியிருக்கிறோம். மலைக்கோட்டையைப் பாடினோம், வறண்ட குளத்தைப் பாடினோம். ஊரின் பழைய ஆட்டக்காரர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். அவர்கள் எந்த ஆண்டு, எந்த ஊரோடு, எத்தனை கோலுக்கு ஆடினர், யார் இலக்கைக் காத்தார், யார் வெறுங்காலர், யார் கடன்வாங்கிய காலணியோடு ஆடினார் என்பவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். ஏற்றிச் சொல்லாமல், குறைத்தும் சொல்லாமல் எழுதுவோம். மோகன் பகான் அணியின் பதினொரு பெயரையும் இன்று நம்மால் வரிசையாகச் சொல்ல முடிகிறது; அன்று யாரோ அவற்றை வரிசையாக எழுதி வைத்தார்கள் என்பதே அதற்குக் காரணம்.